ரசமும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும்

அப்பா கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால், ஒரு நாளைக்கு 750 மில்லிக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இல்லத்து நோட்டில் தினமும் ‘தண்ணீர் 600’ என்றே இருக்கும். ஆனால் திங்கட்கிழமை எடை பார்த்தால் 3.8 கிலோ ஏறியிருக்கும். உடம்பில் தேங்கிய அத்தனை நீரையும் டயாலிசிஸ் மெஷின் நான்கு மணி நேரத்தில் இழுக்கும்போது பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அப்பா கத்துவார். பக்கத்தில் நின்று காலை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அந்தச் சதை கல் மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிறு முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். காலையில் கஞ்சி, பதினொரு மணிக்கு மோர், மதியம் டம்ளரில் ரசம், சாயங்காலம் காபி, இரவு இட்லி மூழ்கச் சாம்பார். கூட்டினால் 850 மில்லி. எதுவும் நோட்டில் இல்லை. ஆயாவிடம் கேட்டேன். “நாக்கு வறண்டு கேக்கறாரு கண்ணு, எப்படி இல்லீன்னு சொல்றது?” என்றார். பாசத்தில் கொடுத்ததுதான், அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

இப்போது காலையில் ஒரு பாட்டிலில் 750 அளந்து வைக்கிறோம். மோர் கொடுத்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று அப்பாவுக்கே தெரிகிறது. ஊறுகாயும் அப்பளமும் நிறுத்திய பிறகுதான் தாகமே அடங்கியது. போன திங்கள் 2.3 கிலோதான்.

•

அக்கா, நான் மதுரையில் ஒரு இல்லத்தில் ஆண் நர்ஸ். நீங்கள் சொன்ன உப்பு விஷயம் நூற்றுக்கு நூறு. சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும், அதையும் பாருங்கள். வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னால் கொஞ்சம் ஆறும். ஐஸ் கட்டி கொடுத்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தயவுசெய்து திட்டாதீர்கள். எங்களிடம் ஒரு தாத்தா, திட்டு வாங்கிய அன்றிரவு பாத்ரூம் குழாயில் வாய் வைத்துக் குடித்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால், நாளைக்கு டயாலிசிஸ் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.