கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருள்: மாவட்ட வரைபடத்துடன் மக்கள்தொகை அட்டவணை முழுமையாக இணையவில்லை

கேள்வி:
தமிழ்நாட்டின் 38 மாவட்ட வரைபட அடுக்குடன் (layer) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையைப் பெயர்ப் புலத்தை (மாவட்டப் பெயர் உள்ள நெடுவரிசையை) கொண்டு இணைத்தேன். தென்காசி, இராணிப்பேட்டை உட்பட 9 மாவட்டங்களில் மதிப்பு 'நல்' (NULL, அதாவது தரவு இல்லை) என்றே வருகிறது. எங்கே தவறு?

பதில் 1:
பெயரில் ஓர் எழுத்தோ இறுதியில் ஓர் இடைவெளியோ வேறுபட்டாலும் இணையாது. குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துங்கள். இரு புலங்களும் எண்ணாகவோ உரையாகவோ ஒரே வகையில் இருக்கட்டும்.

பதில் 2:
அவற்றுள் 6 மாவட்டங்களுக்கு அது உதவாது. 2011இல் இருந்தவை 32 மாவட்டங்களே. பிழையின்றி இணைந்த வேலூர்தான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது, ஏனெனில் அதன் மக்கள்தொகை எண்ணிக்கையில் இன்றைய இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் மக்களும் அடங்கியுள்ளனர். கிராம, நகர அளவில் இணைத்துப் பிறகு இன்றைய மாவட்டங்களாகத் தொகுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மீதி மூன்றும் காஞ்சிபுரம், தூத்துக்குடி, விழுப்புரம். ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் வேறுபட்டிருந்தது.