மறு: சிறுநீர்க் கறையைப் போக்கும் நொதிக் கரைசலுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பூனை, நாய் வளர்ப்போருக்கான கையேட்டில், தரையிலும் மெத்தையிலும் படிந்த சிறுநீர்க் கறையையும் வாடையையும் போக்கும் நொதி (என்சைம்) கலந்த கரைசலை எப்பெயரால் குறிப்பது என்ற இந்த இழையில் ‘நாற்றநீக்கி’, ‘நொதிக்கழுவி’, ‘யூரிக்கமிலச் சிதைப்பி’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இலக்கணம் காரணமன்று, இப்பெயர்களைப் படித்துவிட்டுப் புட்டியைத் திறப்பவர் அந்தப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தவே வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விளம்பரங்கள் எல்லாப் பழியையும் யூரிக் அமிலப் படிகங்களின் மீதே போடுவதால் இச்சொல் பிறந்திருக்க வேண்டும். ஆனால் மனித உடலில் செயலிழந்துவிட்ட யூரிக்கேஸ் என்னும் நொதி பூனையிடமும் பெரும்பாலான நாய்களிடமும் நன்றாகவே இயங்கி, யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. டால்மேஷன் இன நாய் இதற்குப் பெயர்பெற்ற விதிவிலக்கு. பூனைச் சிறுநீருக்கே உரிய வீச்சம் ஃபெலினின் என்னும், கந்தகம் கொண்ட அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. காக்சின் என்னும் புரதமே அதன் உருவாக்கத்தை நெறிப்படுத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். காயடிக்காத ஆண் பூனைகளிடம் ஃபெலினின் மிகுதியாகச் சுரக்கிறது. அதற்கெனத் தனி மணம் கிடையாது. அது மெல்லச் சிதைந்து ஆவியாகும் கந்தகச் சேர்மங்களை வெளிவிடும்போதுதான், பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து உண்டாக்கும் அம்மோனியாவுடன் சேர்ந்து, துடைத்துவிட்டோம் என்று நாம் மறந்துபோன மூலையிலிருந்து வாடை கிளம்புகிறது. இத்தனை பொருள்கள் கலந்திருக்கும்போது ஒன்றின் பெயரை மட்டும் கலைச்சொல்லில் ஏற்றுவது விளம்பரக்காரர் வேலையை நாமே செய்வதாகும்.

‘நாற்றநீக்கி’ பற்றி எழுந்த விவாதம் வேறு திசையில் போய்விட்டது. குறளில் ‘நாற்றம்’ ஐம்புலன்களுள் ஒன்றன் பெயராகப் பொதுமையில் நிற்பதும், இன்று அது கெட்ட வாடையை மட்டுமே குறிப்பதும் அனைவரும் அறிந்ததே. அந்தப் பொருட்சுருக்கம் இங்கே நமக்கு இடையூறன்று. குறை ‘நீக்கி’யில்தான் இருக்கிறது. குளியலறையில் தொங்கவிடும் வாசனைக் கட்டியையும், அறையில் தெளிக்கும் நறுமணப் புகையையும் கடைக்காரர் அதே பெயரால்தான் தருவார். அவை வாடையை மூடுகின்றனவே தவிர அழிப்பதில்லை. மோப்பம் மிக்க பூனையை மல்லிகை மணத்தால் ஏமாற்ற முடியாது. பழைய இடத்தை அது கண்டுபிடித்து மீண்டும் அங்கேயே நனைக்கும்.

‘நொதிக்கழுவி’ இவற்றினும் நல்ல சொல்தான். ஆயினும் கழுவுதல் என்றால் ஊற்றித் தேய்த்து உடனே அலசிவிடுவது என்றே வீட்டில் பொருள்படும். நொதிக்கு அது ஒத்துவராது. கரைசல் ஈரமாகவே கறையின் மேல் தங்கியிருக்க வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாது என்பதால் அதன் முகம் எளிதில் தூய்மையாகிவிடும். வாடை தங்குவது ஓடுகளுக்கு இடையே பூசிய சிமென்ட் இடுக்கில்தான். மெருகு தேய்ந்த பழைய மொசைக் தரை இன்னும் மோசம். இலவம்பஞ்சு மெத்தையிலோ சோபாவின் நுரைப்பஞ்சிலோ மேலாகத் தெளித்துத் துடைப்பதில் பயனே இல்லை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், வாடை வந்ததும் கை தானாகப் பினாயிலைத் தேடுவது. கிருமிநாசினி படிந்த தரையில் நொதியின் செயல் குன்றிவிடக்கூடும். அதனினும் முக்கியமாக, பீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஆகையால் அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. ப்ளீச்சிங் பவுடர் அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சுவாயு உண்டாகும். வினிகர் அம்மோனியாவை அடக்கும் என்பது உண்மை, ஆனால் பளிங்குத் தரையையும், பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக்கையும் அரித்து மங்கச் செய்துவிடும்.

ஆகவே நான் முன்மொழியும் சொல் ‘வாடைமுறி’. ‘நச்சுமுறி’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. நஞ்சை மறைக்காமல் அதன் வீரியத்தைச் செயலறச் செய்வது என்ற பொருள் அதில் தெளிவாக நிற்பதால் புதிய சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. ‘வீச்சமுறி’ இன்னும் கூர்மையானதே, ஆனால் அதை வீச்சம், உறி என்று பிரித்து, கூரையில் தொங்கும் உறியை நினைப்பவர் ஒருவராவது இக்குழுமத்தில் இருப்பார். இலங்கை நண்பர்களுக்கு ‘முறி’ என்றதும் அரசுக் கடன்பத்திரமான திறைசேரி முறி நினைவுக்கு வரலாம். முன்னே ‘வாடை’ நிற்கும்போது கடன்பத்திரக் குழப்பம் நேராது என்று நம்புகிறேன். ‘நொதி’யைச் சொல்லுக்குள் கட்டாயமாக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. சந்தையில் நொதிக் கரைசல் என்று விற்கப்படுவனவற்றுள் சில, பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களைக் கொண்டவை. நொதிகளை அவையே வளர்ந்து சுரக்கின்றன. தேவையான இடத்தில் ‘நொதி வாடைமுறி’, ‘நுண்ணுயிர் வாடைமுறி’ என்று அடைகொடுத்துப் பிரிக்கலாம். அங்கே ‘நொதி’யா ‘நொதியம்’ஆ என்பதை அந்தந்த நாட்டுப் பாடநூல் வழக்குக்கே விட்டுவிடலாம்.

கரைசல் ஈரமாகத் தங்க வேண்டிய காலத்துக்கு ‘ஊறல் நேரம்’ என்று வைக்கலாம். ‘ஊறுநேரம்’ சுருக்கமானதே, ஊறு என்பதற்குத் தொடுகை என்ற பழம்பொருளும் பொருந்துகிறது. ஆனால் இன்றைய வாசகர் ஊறு என்றால் தீங்கு என்றே கொள்வார், புட்டியின் மேல் அது அச்சமூட்டும்.

இச்சொற்கள் தாங்குமா என்று பார்க்க, கையேட்டுக்கான வரிகளை எழுதிப் பார்த்தேன்: “புதிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவும். பினாயில் போட்ட இடமாயின் வெறும் நீரால் அலசவும். வெந்நீர் வேண்டாம். வாடைமுறியைக் கறையின் விளிம்பையும் தாண்டி நனையுமாறு ஊற்றி, ஊறல் நேரம் முடியும்வரை ஈரத்துணியால் மூடி வைக்கவும்.” இதில் மாற்றுக்கருத்து இருப்பின், மாற்றுச்சொல்லை இதே வரிகளில் பொருத்தி எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.

அன்புடன்.