முதல் நாவலுக்கு நல்ல பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, நான் காசிமேடு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களில் ஒரு வீட்டுக்குள் நடப்பதை முதல் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே அப்பாவும் மகனும் கடனுக்காகச் சண்டை போடும் இடம் நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் அங்கிருந்து கதையை எப்படி நகர்த்துவது என்றுதான் பிடிபடவில்லை. சிறுகதைப் பட்டறை வேண்டாம். நாவலின் கட்டமைப்பைச் சொல்லித்தந்து, எழுதியதை வரிவரியாகப் படித்து முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் பட்டறை சென்னையில் எங்காவது நடக்கிறதா? வடசென்னைப் பேச்சை மாற்றச் சொல்லாதவர்களாக இருந்தால் ரொம்ப நல்லது. ஞாயிறு காலை மட்டும் வர முடியாது, அன்றைக்குத்தான் மீன் சந்தையில் கூட்டம் அதிகம். அப்புறம், போய் வந்தவர்கள் கட்டணம் எவ்வளவு, உண்மையிலேயே பயன்பட்டதா என்றும் எழுதுங்கள்.