களியக்காவிளையில் கலெக்‌ஷன் சென்டர் எடுக்கலாமா?

மெடிக்கல்ஸ்_களியக்காவிளை:
எங்களுக்கு ஜங்ஷன் பக்கம் மருந்துக்கடை. பெரிய லேப் கம்பெனி ஒன்று கலெக்‌ஷன் சென்டர் எடுக்கச் சொல்லுது. காலையில் ரத்தம் எடுத்து வச்சா மதியம் வண்டி வந்து திருவனந்தபுரம் கொண்டு போகுமாம். இங்கேயும் பாறசாலையிலும் ஏற்கெனவே நிறைய லேப் உண்டு. இன்னும் தொழிலுக்கு இடமிருக்கா?

லேப்_அக்கா_மார்த்தாண்டம்:
இடமிருக்கு தம்பி. சுகர், தைராய்டு பார்க்காத வீடு இப்ப எங்கே இருக்கு? மெஷின் ஒரே இடத்தில், ரத்தம் எல்லா ஊரிலிருந்தும். இதுதான் இந்தத் தொழில் வளர்ந்த வழி. கோவைப் பக்கத்து கிராமத்துக்காரர் வேலுமணி 1996இல் தொடங்கின தைரோகேர் லேப் கம்பெனி அப்படித்தான் பெருசாச்சு. 2021இல் அதில் 66 சதவீதத்தை ஆன்லைன் மருந்து கம்பெனி ஃபார்ம்ஈசி வாங்கின விலை சுமார் 4,546 கோடி ரூபாய்.

ஆனா கமிஷனைக் கேட்கும் முன்னாடி வண்டி நேரத்தைக் கேளுங்க. குழாய்க்குள்ளே போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். வெறும் வயிற்றில் 126 தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. 130 உள்ளவர் ரத்தம் மூணு மணி நேரம் சும்மா கிடந்தா 110 பக்கமாத்தான் காட்டும். அவர் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவார். எனக்கு இதுதான் பெரிய பயம். சாம்பல் மூடிக் குழாயில் அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்க ஃப்ளோரைடு உண்டு, அதுவும் முதல் ஒரு மணி நேரம் சரியா பிடிக்காது.

அதனால சென்ட்ரிஃபியூஜ், அதாவது குழாயை வேகமா சுழற்றி அணுக்களைத் தனியா பிரிக்கிற மெஷின், இல்லாம தொடங்காதீங்க. ஜெல் குழாயில் எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, மெஷினில் சுழற்றிப் பிரிச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ். பிரிக்காம குளிரில் வச்சா பொட்டாசியம் பொய்யா ஏறும். கிட்னி நோயாளிக்கு அதைப் பார்த்து மருந்தையே மாத்திடுவாங்க.

குழித்துறையான்:
லேப் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டுன்னு சொன்னா போதுமா அக்கா?

லேப்_அக்கா_மார்த்தாண்டம்:
போதாது. அந்த அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனி. எந்தெந்த டெஸ்டுக்குன்னு பட்டியலை வாங்கிப் பாருங்க. கடை தமிழ்நாட்டுப் பக்கம்னா பதிவு விஷயத்தை நாகர்கோவில் ஜே.டி. ஆபீசில் (சுகாதாரத் துறை இணை இயக்குநர் ஆபீஸ்) விசாரிங்க.

மெடிக்கல்ஸ்_களியக்காவிளை:
வண்டி ரெண்டு மணிக்குத்தானாம். ஏழு மணிக்கே ஆட்கள் வருவாங்க. சென்ட்ரிஃபியூஜ் யார் தருவாங்கன்னு கேட்டேன், பதில் இல்லை.

லேப்_அக்கா_மார்த்தாண்டம்:
அப்போ கையெழுத்துப் போடாதீங்க. சென்ட்ரிஃபியூஜும் காலை பத்து மணிக்கு ஒரு வண்டியும் தருவோம்னு எழுத்தில் தரட்டும்.