கேம்பிட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பாம்பன்:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான சதுரங்கக் குறிப்பேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷ் டிங் லிரனை வென்ற மூன்றாவது ஆட்டத்தை விளக்குகிறேன். தொடக்கம், குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு. ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை எதிராளி வெட்டும்படி முன்வைப்பது கேம்பிட்; அதை அவர் வெட்டாமல் விடுவது டிக்ளைன்டு. ‘பலியாட்டம்’ என்று எழுதிவிட்டால், பின்னால் வரும் சாக்ரிஃபைசுக்கு, அதாவது ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் தெரிந்தே காயை இழப்பதற்கு, என்ன சொல்வது?

தொண்டி:
மூலத்தைப் பாருங்கள் ஐயா. இத்தாலியச் சொல், எதிராளியின் காலை இடறிவிடுவது. 1561-இல் ரூய் லோபஸ் அதைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆகவே ‘இடறி’. இன்னொன்று, ‘தொடக்கம்’ என்ற பொதுச்சொல் எதற்கு? போரைப் பாடும் நம் பழந்தமிழ் இலக்கணமான புறத்திணையில் போர் தொடங்குவதே வெட்சியில்தான். ஆநிரையைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலைக் காத்தால் நொச்சி. ராஜாவுக்குக் கோட்டை கட்டுவதை (காஸ்லிங்: ராஜாவைப் பாதுகாப்பான பக்கம் நகர்த்துவது) ‘நொச்சி’ என்றால் எவ்வளவு பொருத்தம்! வெட்சியின் உட்பிரிவுகளான துறைகளில் ‘கொடை’யும் உண்டு; கேம்பிட்டுக்கு அதையும் வைக்கலாம்.

தங்கச்சிமடம்:
அண்ணே, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நொச்சி என்றால் வேலியோரச் செடி. இங்கே பாதிப் பிள்ளைகள் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ‘இரை’ என்று எழுதுங்கள். எடுத்தால் இரையேற்பு, விட்டால் இரைமறுப்பு. கேம்பிட்டுக்கு எந்தச் சொல் வைத்தாலும் இந்த இரண்டும் அதிலிருந்து பிறக்க வேண்டும். ‘இடறி’யை எப்படி ஏற்பது, எப்படி மறுப்பது?

கீழக்கரை:
தூண்டிலில் வைத்த இரை போனால் போனதுதான். இங்கே அப்படியில்லை. வெள்ளை முன்வைக்கும் சி4 கட்டத்துச் சிப்பாயைக் கறுப்பு வெட்டினாலும், வெள்ளை இ3 கட்டத்துக்கு ஒரு சிப்பாயை நகர்த்தி பிஷப்புக்கு வழிவிட்டு, வெட்டிய கறுப்புச் சிப்பாயை அந்த பிஷப்பால் எடுத்துவிடலாம். குகேஷ் ஆட்டத்தில் கறுப்பு வெட்டவே இல்லை, வெள்ளைதான் டி5-இல் வெட்டியது. ‘கேம்பிட்’ என்றே விடுங்கள். போட்டிக்குப் போகிற பிள்ளை அங்கே அந்தப் பெயரைத்தான் கேட்கும்.

தங்கச்சிமடம்:
இழப்பு தற்காலிகம் என்றாலும் ஆசை காட்டுவது உண்மைதானே? குறள் 931 பாருங்கள்: ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’. தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதுபோல, கைக்கு வந்த வெற்றியே கேடாகிறது.

தொண்டி:
அது சூது அதிகாரம் தங்கச்சி. சதுரங்கம் சூதில்லை என்று பெற்றோரிடம் எத்தனை காலமாகச் சொல்லிவருகிறோம்! அந்தக் குறள் குறிப்பேட்டுக்குள் வரவே கூடாது.

பாம்பன்:
சரி, குறள் வேண்டாம். ‘ராணி இரைமறுப்பு’ என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘கேம்பிட்’ கூட வரும். தொடக்கம், கோட்டை கட்டுதல் இரண்டும் அப்படியே இருக்கட்டும். கீழக்கரை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்டி:
அச்சுக்குப் போகட்டும். ஆனால் ‘இரை’ என்றதும் எதிராளி மீனாகிவிடுகிறான். எதிரே உட்காருபவனைப் பிள்ளைகள் அப்படிப் பார்க்கப் பழகக் கூடாது. அடுத்த பதிப்பில் ‘கொடை’யை மறுபடி எடுப்பேன். கொடையை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம்.