டயாலிசிஸுக்கு வாரம் 2 நாள் குடியாத்தம் – வேலூர்: புதுக் காரா, பழைய காரா? கையில் ரூ.4.20 லட்சம்

கவுண்டன்யா (குடியாத்தம்)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 63 வயது. ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேலூர் போகிறோம். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியில் போக வர சுமார் 70 கிலோமீட்டர். காலையில் பஸ்ஸில் போய்விடலாம், திரும்பி வருவதுதான் பாடு. நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்ததும் சில நாள் பிரஷர் இறங்கிவிடும். போன மே மாதம் அக்னி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கண் இருட்டி என் தோளில் சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து வாடகைக் கார்தான். வெயிட்டிங் சேர்த்து ஒரு நடைக்கு ரூ.1,600, மாதம் 14,000 ஆகிறது. வீட்டுக்காரருக்கு பேரணாம்பட்டில் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அவர் வர முடியாது. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு கார் லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டப் போவது நான்தான்.

சீட்டு எடுத்த பணம் 3 லட்சம், சேமிப்பு ரூ.1,20,000. இதற்கு மேல் நகையை வைக்க எனக்கு மனசில்லை. ஆஸ்பத்திரி வீட்டில் நகைதான் கடைசித் துணை.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, புது வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, ரோட்டுக்கு வர ரூ.6,60,000 சொல்கிறார்கள். மீதி 2.40 லட்சத்துக்கு லோன் போட வேண்டும். இரண்டு, எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடைய 2019 வேகன்ஆர். 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ரூ.4,25,000 கேட்கிறார். இது போக வேலூரில் பழைய வண்டி விற்கும் இடம் ஒன்றில் இன்னும் பெரிய வண்டி 3.90-க்குத் தருவதாகச் சொல்கிறார்கள்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தைக்கு இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையை ஊன்றக்கூடாது, அதில் பிடித்துத் தொங்கக்கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்தால் கதவு, மேலே உள்ள பிடி எல்லாமே இடது பக்கம். இறங்கும்போது தன்னையறியாமல் இடது கை மேலே போகிறது, எனக்குப் பக்கென்கிறது. இதையும் மனதில் வைத்து யோசனை சொல்லுங்கள்.

வாலாஜா கணக்கு

தங்கச்சி, 31 வருடம் கம்பெனிக் கணக்கு எழுதியவன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2.40 லட்சத்தை 9 சதம் வட்டியில் 5 வருடத்துக்குப் போட்டால் மாதத் தவணை 4,982 வரும். மொத்த வட்டி கிட்டத்தட்ட 59 ஆயிரம். உங்கள் வண்டி வாரம் 140 கிலோமீட்டர், வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஓடும். லிட்டருக்கு 18 கொடுத்தால் ஒரு நடைக்கு 4 லிட்டர், சுமார் 400 ரூபாய். புதுசு வாங்கினாலும் தவணையும் பெட்ரோலும் சேர்ந்து இப்போது தரும் வாடகைக்குள் அடங்கிவிடும். ஆகவே புதுசு உங்களால் முடியாத காரியம் இல்லை.

ஆனால் கையிருப்பு பூஜ்யமாகிவிடும். அதுதான் எனக்கு உறுத்துகிறது. டயாலிசிஸ் வீட்டில் திடீரென்று அட்மிஷன் போடச் சொன்னால் அன்றைக்கே பணம் வேண்டும். காரை அரை மணியில் பணமாக்க முடியாது.

விலையில் இன்னொன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதம். அதுவரை 28, அதன் மேல் செஸ் 1 சதம். புது வண்டி விலை இறங்கியது, ஆனால் பழைய வண்டி விற்கிறவர்கள் பலர் இன்னும் வரி குறைவதற்கு முந்தைய புது வண்டி விலையை மனதில் வைத்தே கேட்கிறார்கள். வாத்தியாரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், 4.25 இறங்கும்.

புதுசுதான் என்று முடிவானால் நம் மாநில சாலை வரியைக் கவனியுங்கள். 5 லட்சத்துக்குள் 12 சதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13. விலை குறைந்த எல்எக்ஸ்ஐ மாடலுக்கும் நீங்கள் பார்த்த விஎக்ஸ்ஐக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இந்த ஒரு சதமும் ஒளிந்திருக்கும். கொட்டேஷனில் ‘ஆக்சசரீஸ்’ என்று எழுதியிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸும் அவர்களிடமே போட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

22 வருடமாகக் கை கறுப்பாக்குகிற வேலை. பழைய வண்டி பார்க்கப் போகிற அக்காவுக்கு நான் சொல்வது இதுதான்.

காலையில் போங்கள், ஆறரைக்கு. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் முதலில் பேனட் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சில்லென்று இருக்கிற இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. பனிக்காலத்தில் முதல் நிமிடம் மெல்லிசாக வந்து அடங்குகிற வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பால் ஆடை மாதிரி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பேனட் கீல், பக்கத் தகடு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். கதவுக் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரித்த வருடக் குறி இருக்கும். முன் கண்ணாடி மட்டும் வேறு வருடம் என்றால் கல் பட்டு மாற்றியிருப்பார்கள், பரவாயில்லை. ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கிய வண்டி.

டயரில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-வது வாரம் செய்தது. தடம் ஆழமாக இருந்தாலும் ஆறு வயசு தாண்டிய டயரை நம்ம ஊர் வெயிலில் நான் நம்பமாட்டேன். நாலு டயர் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தண்ணீரில் குளிப்பாட்டி, சீட் துணி மாற்றி, சென்ட் அடித்துவிடுவார்கள். பெல்ட்டின் அடி முழத்தைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றுங்கள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. அப்புறம் ஏசியைப் போட்டு 20 நிமிடம் நிறுத்தி வையுங்கள். உங்கள் அத்தைக்கு ஏசி ஆடம்பரம் இல்லை, மருந்து மாதிரி.

2019 வண்டி இ20 பெட்ரோலுக்காக, அதாவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது அல்ல. பெட்ரோல் ரப்பர் குழாய்களை அழுத்திப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய செலவு இல்லை.

அணைக்கட்டு பிள்ளை

நான் புதுசு வாங்கச் சொல்கிறேன். எங்கள் அப்பாவை ஹார்ட் செக்கப்புக்குப் பழைய வண்டியில் கூட்டி வந்தோம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஃப்யூல் பம்ப் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ரோட்டோரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போது வருகிற வேகன்ஆரில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் இருக்கிறது, 2019 வண்டியில் அது கிடையாது. நீங்கள் புதிதாக ஓட்டுகிறவர் வேறு. யோசித்துச் செய்யுங்கள் அக்கா.

கவுண்டன்யா (குடியாத்தம்)

அணைக்கட்டு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் புதுசுப் பக்கமே இருந்தேன். வீட்டுக்காரரும் ‘லோன் போடலாம்’ என்றார். இருந்தாலும் மூன்று வண்டியையும் அத்தையை உட்கார வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை கூடவே கூட்டிப் போனேன்.

முதலில் வேலூரில் அந்தப் பெரிய வண்டி. உள்ளே மல்லிகைப்பூ வாசனை, புது சீட் கவர். சத்துவாச்சாரி அண்ணன் சொன்னபடி பின் சீட் பெல்ட்டை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. கடைசி ஒரு முழம் வரும்போது வெளிர் சாம்பல் துணி செம்மண் நிறமாக மாறியது. மாறிய இடத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தேன், நகத்துக்குள் நைஸான வண்டல் ஏறியது. 2021 நவம்பரில் பாலாறும் எங்கள் ஊர் கவுண்டன்யா ஆறும் கரை புரண்டபோது தண்ணீர் வடிந்த வீடுகளின் சுவரில் பார்த்த அதே கோடு. பெல்ட்டைச் சுருளவிட்டு, அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து ஷோரூம். அத்தையை ஓட்டுநருக்குப் பின்னால், வலது பக்கம் உட்கார வைத்தேன். இது எனக்கு அங்கேதான் தோன்றியது. அந்தப் பக்கம் கதவு வலது கைக்கு வருகிறது. வலது கையால் பிடித்து, சீட் உயரமாக இருப்பதால் குனியாமல் இறங்கினார். இடது கை மடியிலேயே இருந்தது. புதுசிலும் சரி, வாத்தியார் வண்டியிலும் சரி, அதே உடம்பு, அதே கதவு. அத்தை ஒன்றுதான் கேட்டார்: ‘ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, இதுக்கா ரெண்டரை லட்சம் கடன் வாங்கணும்?’

வாத்தியார் வண்டி சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பார்த்தோம். பேனட் சில்லென்று இருந்தது. சர்வீஸ் பில்களை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார், கிலோமீட்டர் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. நாலு டயரும் 2019. முன் இடது பக்கம் பள்ளத்தில் கடகட என்கிறது. பேசி 3,75,000-க்கு வந்திருக்கிறார். பேப்பர் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஆம்பூர் ஆயிஷா

அக்கா, பணம் முழுக்கக் கொடுக்கும் முன்பு ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்த பேங்க் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் ஃபாரம் 35-ம் பேங்க் என்ஓசியும் வாங்கி நீக்கித் தர வேண்டும். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. எம்பரிவாகன் ஆப்பில் நம்பர் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நான் விற்ற ஸ்கூட்டரை வாங்கியவர் ஒரு வருடம் மாற்றவே இல்லை. விபத்து ஒன்றில் எனக்கு நோட்டீஸ் வந்தது. ஆர்சியில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. அது வாத்தியாருக்கும் நல்லதல்ல. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். க்ளைம் செய்யாததற்காக அவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ க்ளைம் போனஸ்) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

கவுண்டன்யா (குடியாத்தம்)

வாங்கிவிட்டோம். வாத்தியாரே கூட வந்து கையெழுத்துப் போட்டார், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தாயிற்று. மிச்சம் 45,000-இல் நாலு டயர், முன் பக்க லிங்க் ராடு, பெட்ரோல் குழாய், இன்சூரன்ஸ் வித்தியாசம் போக 14 ஆயிரத்துச் சொச்சம் நிற்கிறது. அதை அத்தை பெயரில் தனியாக வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கொடுத்ததில் மாதம் எட்டாயிரம் அதே கணக்கில் போடப் போகிறேன். அணைக்கட்டு தம்பி, நீங்கள் சொன்ன ராத்திரி என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் ஃப்யூல் பம்ப்பையும் பேட்டரியையும் சோதித்துவிட்டுத்தான் ரோட்டில் எடுத்தேன். ஏர்பேக் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. 60-க்கு மேல் போவதில்லை, பின் சீட்டிலும் பெல்ட் போட வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் நடை. லத்தேரி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன், அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

சத்துவாச்சாரி அண்ணா, ஸ்டெப்னி டயர் 2019-ஆம் வருடத்தது, ஒருநாளும் ரோட்டில் ஓடாதது. அதையும் மாற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

மாற்றுங்கள் அக்கா. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஏறும். அடுத்த மாதம் மாற்றினால் போதும், அதுவரை வாரத்துக்கு ஒரு தடவை காற்று மட்டும் பார்த்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை அத்தை மெஷினில் இருக்கும்போது வண்டியை இங்கே கொண்டு வாருங்கள், ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றுவது எப்படி என்று உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்ய வைக்கிறேன்.