உறைபனிக்கு முன் தோட்ட வேலை: உங்கள் அனுபவம் என்ன?

ஊட்டி, தலைகுந்தா பக்கம்:

கோவையிலிருந்து இங்கே குடிவந்த முதல் வருடம். ஐப்பசி மழை விட்டதும் புல்தரையை ஒட்ட வெட்டி யூரியா தூவினேன். கீழே இருந்தவரை அதுதான் பழக்கம். பத்தே நாளில் பச்சைப்பசேலென்று துளிர்த்தது. கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், கல் உப்பைப் பரப்பிவைத்தது போல் தரை முழுக்க வெள்ளை. மகளுக்குக் கொண்டாட்டம், அதன்மேல் ஓடி ஓடி விளையாடினாள். இரண்டு நாள் கழித்து அவள் மிதித்த இடமெல்லாம் கருகி, செருப்புத் தடம் தடமாகத் தெரிந்தது. மாசி வரை அது போகவே இல்லை.

பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டிதான் சொன்னார்: "நீர்ப்பனி விழ ஆரம்பிச்சா உரத்தைத் தொடாதேம்மா. இளசுதான் முதல்ல கருகும்."

இப்போதெல்லாம் கடைசி உரம் புரட்டாசியோடு சரி. மழைக்குப் பிறகு வெட்டினாலும் இரண்டு அங்குலம் விட்டுத்தான். ஹைட்ராஞ்சியாவில் காய்ந்த பூக்கொத்தைக்கூடக் கிள்ளுவதில்லை. கீழே இருக்கும் மொட்டுக்கு அதுதான் போர்வை. 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலும் பனிக்காலத்தில் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுகிறார்கள், புல்தரைக்குக் காலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் வெயில் ஏறும் முன் குழாயைத் திறந்துவிடுகிறேன். வெள்ளை கரைந்தபின் வெயில் பட்டால் புல் அவ்வளவாகக் கருகுவதில்லை.

கோத்தகிரி:

அக்கா, எங்களுக்குப் பனியைவிடப் பெரிய தொல்லை காட்டுப்பன்றி. போன ஐப்பசியில் மழை விட்ட ராத்திரி மூன்று வந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன், வெளியே போகத் துணிச்சல் வரவில்லை. காலையில் புல்தரை ஏர் உழுத வயல் மாதிரி கிடந்தது. புரண்ட மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக, வளைந்து சுருண்ட வேர்ப்புழுக்கள். பன்றிகள் இதற்குத்தான் வந்திருக்கின்றன! பெயர்ந்த புல்லை அன்றைக்கே திருப்பிப் போட்டு மிதித்துத் தண்ணீர் விட்டேன். கிக்குயு புல் என்பதால் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் போட்டுவைத்திருந்தால் காய்ந்திருக்கும். இப்போது மழைக்கு முன்பே அங்கங்கே தோண்டிப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

கொடைக்கானல்:

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேல்பாத்தியில் ஒரு இலைகூட வாடாது, கீழ்க்கோடிப் பாத்தி மட்டும் வருடா வருடம் கருகும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கித் தங்கிவிடுகிறது. ஏரிச்சாலை, கீழ்பூமி பக்கம் பனி முதலில் விழுவதும் அதனால்தான். எங்கள் கீழ்வேலி மூங்கில் தட்டி வைத்து நெருக்கமாக அடைத்தது. போன வருடம் அதில் இரண்டு முழத்துக்குத் திறப்பு விட்டோம், குளிர் வழிந்து வெளியே போகட்டும் என்று. அந்தப் பாத்தியில் இந்தத் தையில் ஜெரேனியம் பூத்தது. டேலியா கிழங்கை மட்டும் நம்பி விடவில்லை, தோண்டி மணலில் புதைத்து விறகு அறையில் வைத்திருக்கிறேன்.